வியாழக்கிழமைத் தண்ணீர்

இரண்டாவது மீனும் மேலே வந்துவிட்டதை மாசிலாமணி பார்த்துவிட்டான், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஜன்னலை ஒட்டிய ஆறாவது தொட்டியில் விரல் நீளக் கெண்டைக் குஞ்சு ஒன்று தலையைத் தூக்கி, வாயை நீருக்கு வெளியே வைத்துக் குவித்து விரித்து, குவித்து விரித்து, வாய்ப்பாடு மறந்துபோன பள்ளிப் பிள்ளை மாதிரி சத்தமில்லாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐந்து. பதினொன்றுக்கு ஐம்பத்தைந்து நிமிஷம். ஏழு வருஷமாக இந்த விலங்கியல் ஆய்வகத்தில் இதே மர ஸ்டூலில் உட்கார்ந்து தேய்ந்தவனுக்கு, ஒரு மீனைப் பார்த்தாலே அதற்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சொல்லத் தெரியும். ஆய்வுக் கட்டுரை எழுதத் தெரியவில்லை, கைடுக்குப் பிடித்த மாதிரி சிரிக்கத் தெரியவில்லை, முப்பத்தாறு வயசாகியும் ஒரு வேலையில் போய் உட்காரத் தெரியவில்லை, இது தெரியும். இதற்கு ஒரு மணி நேரம். கூடலாம், குறையலாம். குறைந்தால் அந்தப் பெண் தொலைந்தாள். கூடினால்? கூடினால் என்ன என்று அவன் யோசிக்கவில்லை, யோசிக்காமல் இருப்பதற்காகக் கடிகாரத்தை மறுபடி பார்த்தான், பத்து ஆறு, முள் நகர்ந்ததா இல்லை தன் தலைதான் ஆடியதா. ராத்திரி பூரா பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுத்துவிட்டு நேராக இங்கே வந்தவன். கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரி இருந்தது.

அந்தப் பெண் தொட்டிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கோகிலவாணி. இளநிலை இரண்டாம் வருஷம், பத்தொன்பது முடியவில்லை. மடியில் நீல அட்டை ரெக்கார்டு நோட்டு, காதுக்குப் பின்னால் பேனா. "அண்ணா, இது வெளையாடுதுங்களா, மூச்சுக்கு வருதுங்களா?" என்றாள் திரும்பாமல். "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்றான் மாசிலாமணி. ஆரம்பமாவது! தொண்ணூற்றாறாம் மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமை பதினொன்றுக்கு விட்ட மீன்கள், தொட்டிக்குப் பத்தாக அறுபது. ஐந்து தொட்டியில் சாயப் பட்டறைக் கழிவு ஓடுகிற வாய்க்காலின் தண்ணீர், ஒன்றைவிட அடுத்ததில் கொஞ்சம் கூடுதலாக. ஆறாவதில் வாய்க்கால் தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது, நல்ல தண்ணீர் மட்டும், ஆய்வகத்தில் அதைக் கன்ட்ரோல் என்பார்கள். நாலு நாள் முடிவில் எந்த அளவில் பாதி மீன் சாகிறதோ அதுதான் அந்த விஷத்தின் நம்பர். நல்ல தண்ணீரில் பத்துக்கு ஒன்று சாகலாம், விதி பொறுத்துக்கொள்ளும். இரண்டு செத்தால் மீன் எதனால் செத்தது என்றே சொல்ல முடியாது, ஆறு தொட்டியையும் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நேற்று சாயங்காலம் ஒன்று செத்தாயிற்று. அதை எடுத்து, அழுகாமல் வைக்கிற ஃபார்மலின் பாட்டிலில் போட்டுச் சீட்டு ஒட்டினாள். "ஒண்ணுதானுங்களேண்ணா, ஒண்ணு போலாமுங்களேண்ணா" என்று இரண்டு தரம் கேட்டாள், போகலாம் என்று அவன் இரண்டு தரம் சொன்னான். மற்ற ஐந்திலும் சாவு இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பத்து என்று படி கட்டி ஏறியிருக்கிறது. கண்ணுபடும்படியான கணக்கு. ஏழு வருஷத்தில் அவனுக்கு ஒரு தரம்கூட எண்கள் இப்படி வரிசையில் வந்து நின்று சலாம் போட்டதில்லை. அவன் ஆராய்ச்சிக்கு எடுத்த நத்தைகளின் எண்கள் சந்தைக்கு விட்ட மாடு மாதிரி ஆளுக்கொரு பக்கம் போகும், கைடு அதைப் பார்த்துவிட்டு "என்னய்யா மாசிலாமணி, உன் நத்தையெல்லாம் சாராயம் குடிச்சிருக்கா?" என்பார், அறையில் இருக்கிற எல்லாரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான்.

நேற்று வியாழக்கிழமை. அதுதான் விஷயம். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பல்கலைக்கழகத்தின் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவார்கள், சாயங்காலம் வரைக்கும் எந்தக் குழாயைத் திறந்தாலும் பொது மருத்துவமனைக் கழுவறை வாடை அடிக்கும், மனுஷனுக்கு ஒன்றும் ஆகாது, மீனுக்குச் செவுள் வெந்துபோகும். அதனால்தான் நீல டிரம். முந்தைய நாட்களில் பிடித்து வைத்து வாடை போன தண்ணீரை மட்டும்தான் மீனுக்கு விடுவார்கள். இதை யாரும் சுவரில் எழுதி ஒட்டியதில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை, வாய்க்கு வாய் போவது. பழைய ஸ்காலர் புது ஸ்காலருக்குச் சொல்லவேண்டியது. நேற்று பதினொன்றுக்குத் தண்ணீர் மாற்றும்போது ஐந்து தொட்டிக்கு டிரம் போதும்படியாக இருந்தது, ஆறாவதற்கு அடியைச் சுரண்டியது. "அண்ணா, கன்ட்ரோலுக்கு டிரம்முல தண்ணி பத்தலைங்க. கொழாயில புடிச்சுக்கட்டுங்களா?" அவன் அப்போது மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தான். உள்ளே ஸ்லைடு இல்லை. விளக்கும் போடவில்லை. இருட்டை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான், கேள்வி காதில் விழுந்தது, விழுந்த இடத்தில் கிடந்தது. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். எவ்வளவு நேரம்? பத்து எண்ணும் நேரம் இருக்கும். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம், அந்த வாடை, அவன் மேஜை இழுப்பறையில் ஹைப்போ பாட்டில் இருந்தது, சாவி சட்டைப் பையில், ரெண்டு பரல் போட்டால் போதும், கல்கண்டு மாதிரி ரெண்டே பரல், ஒரு வாளித் தண்ணீரின் விஷத்தை ஒரு நிமிஷத்தில் முறித்துவிடும். அவன் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் பேச வேண்டியிருக்கும். பேசாதவன் பொய் சொன்னவன் ஆகமாட்டான் என்று அப்போது தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது, நேற்று மாதிரி அவ்வளவு பலமாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. சேர்ந்த முதல் வருஷம், இதே மாதிரி ஒரு வியாழன், நாற்பது மீன். நாற்பதையும் குழாய்த் தண்ணீரில் விட்டுவிட்டுக் கேன்டீனில் போய் தயிர்ச்சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தால் வெள்ளை வயிறாக மிதக்கிறது, கல்யாணப் பந்தலில் கொட்டிய மல்லிகை மாதிரி. கைடு கிருபாகரன் சார் திட்டவில்லை. அவர் திட்டுகிறவர் இல்லை. "எல்லாத்தையும் தட்டுல எடுத்து வைய்யா" என்றார். முதுநிலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது, அங்கே கூட்டிக்கொண்டு போனார். "எண்ணுய்யா. சத்தமா." ஒண்ணு, ரெண்டு, மூணு. இருபத்தேழில் அவன் குரல் உடைந்தது, யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள், அப்புறம் வகுப்பே சிரித்தது, சார் மட்டும் சிரிக்காமல் "இருபத்தெட்டு" என்று எடுத்துக் கொடுத்தார். நாற்பது வரைக்கும் விடவில்லை. ஆனால் அவனை அரிப்பது அது அல்ல. அது ஆறி வடுவாகிவிட்டது, தடவினால் வலிக்காது. தேவசகாயம் என்று ஒரு சீனியர் இருந்தார், நல்ல மனுஷர், பண்டிகைக்குக் கேக் கொண்டுவந்து தருவார். அந்த வியாழக்கிழமை அவன் குழாயில் வாளியைப் பிடித்தபோது தேவசகாயம் பக்கத்தில் கை கழுவிவிட்டுத் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். வாளியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார். அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்திருந்தது என்பது மாசிலாமணிக்கு நாலு வருஷம் கழித்து ஒரு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது திடீரென்று உறைத்தது, தேவசகாயம் அப்போது ஒரு கல்லூரியில் துறைத் தலைவர். அவரை மன்னித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தான். நேற்றுத்தான் தெரிந்தது, அவரைப் புரிந்துகொண்டிருக்கிறான். ஒருவன் துண்டில் விரல் துடைத்தான், ஒருவன் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தான். குறைந்தபட்சம் சாப்பிட்டாயா என்றாவது கேட்டிருக்கலாம்.

பத்து இருபது. மீன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்தது, சுதாரித்து நிமிர்ந்தது. கோகிலவாணி நோட்டில் எழுதினாள். எதைப் பார்த்தாலும் எழுதுவாள். சேர்ந்த அன்று மாசிலாமணிதான் சொன்னான், எரிச்சலில் சொன்னது: "இந்தாம்மா, பார்த்ததை எழுது. நினைச்சதை எழுதாத. நேரத்தைப் போடு." அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தொட்டிக்குக் காற்று விடும் மோட்டார் நின்றது, மின்சாரம் போனது, மூன்றாம் தொட்டியில் பெரிய மீன் சின்னதைத் துரத்தியது என்று பக்கம் பக்கமாக நிரப்புகிறாள். இந்த ஆய்வகத்து வழக்கம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பார்த்தவர்' என்று ஒரு கோடு இருக்கும், அதில் இன்னொரு ஆள் கையெழுத்துப் போட வேண்டும். எவனும் படிப்பதில்லை. புதன்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்து வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார்கள், மொய் எழுதுகிற வேகத்தில். நாலு மாசமாக அவளுடைய எல்லாப் பக்கத்திலும் அவன் கையெழுத்துத்தான், ஒரு வரி படித்ததில்லை. நாலு மாசம். துறைக்கு ஒரே ஒரு இளநிலை மாணவரை ஆராய்ச்சிக்கு எடுக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தபோது இந்தப் பெண் கைடின் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றாள். செருப்பைக் கழற்றியதற்கே சிரித்தார்கள். "என்னம்மா பண்ணப்போற?" "எங்கூட்டுக்குப் பின்னால சாய வாய்க்கால் போகுதுங் சார். செவப்பா வரும், மக்யா நாள் பச்சையா வரும். ஆபீசருங்க வந்து பார்த்துப்போட்டு, நல்லாத்தானே இருக்குதுங்கறாங்க. அதுக்கு ஒரு நம்பர் வேணுமுங் சார்." கிருபாகரன் சார் நாற்காலியில் சாய்ந்து "சபாஷ்" என்றார். சபாஷ்! அந்தச் சொல் அவர் வாயில் இருக்கிறது என்பதே மாசிலாமணிக்கு அன்றுதான் தெரியும். ஆறு வருஷத்துக்கு முந்தி, அதே மேஜை, அதே நாற்காலி, அதே வாய்க்கால். "சார், சாய வாய்க்கால் தண்ணியை வச்சு மீன்ல ஒரு வேலை பண்ணலாம்னு..." "அதெல்லாம் வேண்டாம்யா. பட்டறைக்காரன் நாளைக்குச் சண்டைக்கு வருவான். நீ நத்தையை எடு. நத்தை சாது." நத்தையை எடுத்தான். அதன் குடலில் ஊறுகிற நீரை ஆறு வருஷமாக அளந்துகொண்டிருக்கிறான், அதை வைத்து உலகத்தில் யாருக்கும் ஒரு நம்பரும் வேண்டியிருக்கவில்லை. அன்று சபாஷ் சொன்ன கையோடு சார் அவன் பக்கம் திரும்பி, "மாசிலாமணி, ரெண்டு டீ சொல்லுய்யா" என்றார். கொண்டுவந்தான். அவள் பதறி எழுந்து தட்டை வாங்கி, "நீங்க எதுக்குங்ணா, எங்கிட்டச் சொன்னா நான் வாங்கியாற மாட்டனுங்களா" என்றாள். அது இன்னும் மோசம். சாரைப் போல அவளும் உட்கார்ந்தபடியே எடுத்துக் குடித்திருந்தால் ஒருவேளை நேற்று அவன் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்திருப்பான். இது உண்மையா? உண்மை மாதிரி இருக்கிறது. இப்படி உண்மை மாதிரி இருக்கிறதை வைத்துத்தான் அவன் வண்டி ஓடுகிறது.

பையில் போன் உதறியது. அம்மா, அருப்புக்கோட்டையிலிருந்து. வெளியே போய்ப் பேசலாம், போகவில்லை, மீனை விட்டுப் போக மனசில்லை. "ஏய் மாசி, அடுத்த வீட்டுப் பாக்கியம் வந்து நிக்குறா. முட்டி வலிக்குதாம். ஒரு மாத்திரை பேரு சொல்லு." "அம்மா, நான் அந்த டாக்டர் இல்லம்மா." "எந்த டாக்டராயிருந்தா என்ன, டாக்டரு டாக்டருதான. ஏழு வருஷமா படிக்கிற, முட்டி வலிக்கு ஒரு மாத்திரை தெரியாதா?" பின்னால் பாக்கியத்தின் குரல்: "நத்தை டாக்டருகிட்டப் போயி முட்டியக் கேட்டா எப்படிக்கா, நத்தைக்கு ஏது முட்டி?" அம்மாவும் சிரித்துவிட்டாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தி, "இந்த வருசமாச்சும் முடிஞ்சிருமாப்பா?" என்றாள். "முடிஞ்சிரும்." வைத்துவிட்டான். முதல் வருஷமும் இதே சொல்லைத்தான் சொன்னான், சொல்லிச் சொல்லித் தேய்ந்து பழைய காசு மாதிரி தலை எது பூ எது என்று தெரியாமல் போய்விட்டது. கோகிலவாணிக்குக் கேட்டிருக்கும். கேட்காத மாதிரி மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண். நாசமாய்ப் போகட்டும். இன்றைக்கு ஐந்து மணிக்குள் அவளுடைய நம்பரைச் சுருக்கம் எழுதி அனுப்ப வேண்டும், அனுப்பினால் பெங்களூரில் பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் ரெண்டு மாசம், அனுப்பாவிட்டால் இந்த வருஷம் துறையிலிருந்து யாரும் கிடையாது. மறுபடி நாலு நாள் மீன் விட நாள் இல்லை. வாய்க்கால் இருக்கும். வாய்க்கால் எங்கே போகும்? சிவப்பாக வரும், மறுநாள் பச்சையாக வரும். ஆபீசர்கள் வந்து நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள்.

பத்து நாற்பது. மீன் இப்போது மேலே வரவில்லை. நடுத்தண்ணீரில் தொங்கியது, செவுள் மூடி விரியும், ரொம்ப நேரம் யோசிக்கும், மூடும். அந்த யோசனையின் நேரத்தை மாசிலாமணி தன் மூச்சால் அளந்தான், அளக்க ஆரம்பித்ததும் தன் மூச்சும் அதோடு சேர்ந்து தடுக்கியது. சொல்லிவிடலாம். இப்போதுகூடச் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும், கன்ட்ரோலில் நேற்று குழாய்த் தண்ணீர் விழுந்துவிட்டது, என் தவறு, நான் தடுத்திருக்க வேண்டும் என்று சாரிடம் சொன்னால், சார் தட்டைக் கொண்டுவா என்பாரா, முப்பத்தாறு வயசில் மறுபடி எண்ணச் சொல்வாரா? எண்ணினால்தான் என்ன? ரெண்டே மீன். ஒண்ணு, ரெண்டு. குரல் உடையக்கூட நேரம் இருக்காது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஸ்டூலை விட்டு எழுந்தும்விட்டான், மரம் கிறீச்சிட்டது, அவள் திரும்பினாள். "கோகிலா" என்றான். இதுவரைக்கும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இந்தாம்மா என்பதுதான். அவள் முகம் மலர்ந்துபோயிற்று. "சொல்லுங்ணா." தொண்டையில் சொல் வந்து உட்கார்ந்தது, எச்சிலைக் கூட்டினான். அவன் எதற்கோ தவிக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், போனில் கேட்டதையே நினைத்துத் தவிக்கிறான் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது, ஆறுதலாகத்தான் கேட்டாள், ஒரு கபடும் இல்லாமல், தலையை ஒரு பக்கம் சாய்த்து: "ஏனுங்ணா, உங்களுக்கு மட்டும் ஏனுங்ணா இன்னும் முடியல? நீங்க எவ்வளவு நல்லாச் செய்றீங்க." சொல் இறங்கிப்போயிற்று. குடலுக்கே போய்விட்டது, நத்தையின் குடல் மாதிரி அங்கே ஊறிக் கரைந்தும்விட்டது. "மோட்டார் சத்தமா இருக்கு, பாரு" என்றான். அவள் எழுந்து போய் மோட்டாரைத் தட்டிப் பார்த்தாள், "சரியாத்தானுங்ணா இருக்குது" என்றாள், வந்து உட்கார்ந்தாள், அதையும் எழுதினாள். அவன் ஸ்டூலுக்குத் திரும்பினான். உட்கார்ந்ததும் ஒரு சுகம் வந்தது, சொல்லவேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்கிற சுகம், பஸ்ஸைத் தவறவிட்டவனுக்கு இனி ஓடவேண்டாம் என்று வருமே, அந்தச் சுகம். காலை நீட்டிக்கொண்டான்.

பத்து ஐம்பத்தெட்டில் மீன் தொட்டியின் அடியில் இறங்கி ஒருக்களித்துப் படுத்தது. மற்ற எட்டும் அதைச் சுற்றிக்கொண்டு போய் வந்தன. பதினொன்று. கோகிலவாணி கண்ணாடிக் குச்சியை எடுத்தாள், விதி அது: வாலைத் தொட்டால் அசையக்கூடாது, செவுள் மூடியும் அசையக்கூடாது, இரண்டும் இல்லாமல் போனால்தான் சாவு, கன்ட்ரோலில் சாவு எழுதுவதென்றால் இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வாலைத் தொட்டாள். அசையவில்லை. இன்னொரு தரம். குச்சி தொட்டியின் விளிம்பில் பட்டுக் கிண்கிண் என்றது. "எனக்குக் கண்ணு தெரிய மாட்டீங்குதுங்ணா" என்றாள், கண்ணில் நீர் நின்றது. "நீங்க பாத்துச் சொல்லுங்ணா. நீங்க சொன்னாச் சரியா இருக்கும்." மாசிலாமணி வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டான். கண்ணாடியில் மூக்கு பட்டது. செவுள் மூடி தகடு மாதிரி மூடிக் கிடந்தது. எண்ணினான், மனசுக்குள்தான். ஒண்ணு, ரெண்டு. பத்து. பன்னிரண்டு. செத்துவிட்டது, அதுவாகவே செத்துவிட்டது, தான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை, மேலே இருக்கிற எவனோ ஒருவன் முதல் தடவையாகத் தனக்கு ஒரு வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறான். பதினாறில் செவுள் திறந்தது. நகக்கண் அளவு. உள்ளே வெந்த சிவப்பு தெரிந்தது. மூடிக்கொண்டது. அவனைத் தவிர யாரும் பார்க்கவில்லை. இருக்கிறது. பதினொன்றுக்கு உயிர் இருக்கிறது, கன்ட்ரோலில் சாவு ஒன்றே ஒன்று, சோதனை செல்லும், வாய்க்காலுக்கு நம்பர் கிடைத்தது, பெங்களூர், எல்லாம் அந்த நகக்கண்ணுக்குள் ஒரு நொடி திறந்து மூடிற்று. நேற்று பேசாமல் இருந்தான். இன்று பேசினான்.

"செத்துருச்சு" என்றான். "எழுதிக்க."

அவள் மணியைப் பார்த்தாள், எழுதினாள். மூக்கை உறிஞ்சினாள். சின்ன வலையைத் தண்ணீருக்குள் விட்டு மீனை அள்ளினாள், தூங்குகிற குழந்தையை இடம் மாற்றுகிற பக்குவத்தோடு, தண்ணீரை வடியவிட்டு, ஃபார்மலின் பாட்டிலின் மூடியைத் திறந்து, நேற்றைய மீனுக்குப் பக்கத்தில் நழுவவிட்டாள். மீன் அடித்தது. பாட்டிலுக்குள் வில்லாக வளைந்து வாலால் கண்ணாடியில் அடித்தது, டக், மறுபடி டக், நேற்றைய மீன் புரண்டது, மருந்து அவள் மணிக்கட்டில் தெறித்தது. வாய் அகலத் திறந்தது. அப்படியே நின்றது, திறந்தபடி. "அண்ணா" என்றாள் அவள். "நரம்பு" என்றான் மாசிலாமணி. "செத்த பெறகும் அடிக்கும். நரம்புதான்." தன் குரல் கிருபாகரன் சாரின் குரல் மாதிரி நிதானமாக இருந்தது அவனுக்கே வேடிக்கையாகப் பட்டது. அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது முழுக்க அடங்கும் வரைக்கும், அடங்கின பிறகும். அழுகை நின்றுபோயிருந்தது. துப்பட்டாவில் மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள், காதுக்குப் பின்னாலிருந்து பேனாவை எடுத்தாள், எழுதினாள். எழுதி முடித்து நோட்டை அவன் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தாள். "கையெழுத்துப் போட்டுருங்ணா. நேத்துப் பக்கத்துலயும் நீங்க போடலைங்க." கீழே வாசலில் கிருபாகரன் சாரின் ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, ஸ்டாண்டு போடும் சத்தம், சாவியை எடுக்கும் சத்தம். மாடிக்கு இருபத்திரண்டு படி. மாசிலாமணி பேனாவை வாங்கினான். நாலு மாசத்தில் முதல் தடவையாகக் கண் வரியின்மேல் போயிற்று, போகாதே என்றாலும் போயிற்று. உருட்டி உருட்டி எழுதிய கையெழுத்து. வியாழன், 11.10. டிரம்மில் தண்ணீர் தீர்ந்தது. கன்ட்ரோல் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர். பிளீச்சிங் வாடை இருந்தது. மாசிலாமணி அண்ணாவிடம் கேட்டேன். அண்ணா மைக்ராஸ்கோப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்ராஸ்கோப்பில் விளக்கு எரியவில்லை. அதற்குக் கீழே கோடு, பார்த்தவர் என்று போட்டு, காலியாக. மறு பக்கம். வெள்ளி, 11.00. கன்ட்ரோலில் சாவு 2. இரண்டாவதை அண்ணா பார்த்துச் சொன்னார். 11.04. பாட்டிலில் வால் இரண்டு முறை அடித்தது. வாய் திறந்தது. நரம்பு என்று அண்ணா சொன்னார். பார்த்ததை மட்டும் எழுதியிருந்தாள், நினைத்ததை ஒரு வரி எழுதவில்லை, நேரம் போட்டிருந்தாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். தெரிந்து எழுதினாளா, தெரியாமலா? பத்தொன்பது வயசு முகம், மூக்கு நுனி சிவந்து, ஈர இமையோடு, பேனா பிடித்த அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது. கோட்டைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. படியில் சாரின் செருப்புச் சத்தம். போட்டான். முதல் பக்கத்தில் போட்டான், திருப்பி மறு பக்கத்திலும் போட்டான், கை தன் பாட்டுக்கு 'மாசிலாமணி' என்று முழுசாக எழுதிவிட்டது, வழக்கமாகக் கிறுக்குகிற கிறுக்கல்கூட இல்லை.

"தேதிங்ணா" என்றாள்.

தேதியும் போட்டான். அவள் நோட்டை வாங்கி, மை காய்வதற்காக வாயைக் குவித்து, கதவுப் பக்கம் பார்த்தபடி, மெல்ல ஊதினாள்.